ஏழில் ஒருவர்

லிஃப்ட் சோதனை அலுவலகத்தின் ஏழு ஆய்வாளர்களுக்கும் ஒரே முகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அதற்கு முன் அவர்களுக்கு ஏழு முகங்கள் இருந்தன. வந்த முகம் அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை. நடுத்தர வயது, சுமாரான மூக்கு, முன்னந்தலையில் கொஞ்சம் வழுக்கை. ஏழு பேரில் யாருடைய பழைய முகமும் அது இல்லை என்பதால் யாரும் பொறாமைப்பட இடமில்லாமல் போயிற்று. அலுவலக வாசலில் டீ விற்பவர், ஒரே ஆள் ஏழு தடவை வந்து குடிப்பதாக நினைத்து, உடம்புக்கு ஆகாது சார் என்று கடைசியாக வந்தவரிடம் சொன்னார். இது எனக்கு முதல் டீ என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

காரணம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. முந்தைய வருஷம் ஒரு கடைவளாகத்து லிஃப்டுக்குச் சான்றிதழ் தர மறுத்த ஆய்வாளரை, உரிமையாளரின் ஆட்கள் கார் நிறுத்தும் இடத்தில் மடக்கி இரண்டு மணிக்கட்டையும் உடைத்தார்கள். சான்றிதழின் கீழே அவர் பெயர் இருந்ததுதான் வினை. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் ஆய்வாளர்களுக்கெல்லாம் வயிற்றுவலி வந்தது, மருத்துவ விடுப்புக் கடிதங்கள் குவிந்தன. மேலதிகாரி தலையைப் பிய்த்துக்கொண்டு எங்கெங்கோ விசாரித்து, கடைசியில் பொதுக்கையெழுத்து என்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை. ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒரு தனிச் சாவி. யார் தன் அட்டையைக் கணினியில் செருகிச் சான்றிதழில் கையெழுத்திட்டாலும், பார்க்கிறவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: இது ஏழு பேரில் ஒருவர் போட்டது, நிச்சயமாகப் போட்டது, எந்த ஒருவர் என்று கேட்காதே. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குத்தான் அப்படி முதல் கையெழுத்து விழுந்தது. ஏற்பாடு முகம்வரைக்கும் வேலை செய்யும் என்று விற்றவர்கள் சொல்லவில்லை. கடிதம் எழுதிக் கேட்டதற்கு, அது உத்தரவாதத்தில் அடங்காது என்று பதில் போட்டார்கள்.

ஆனால் யார் என்று தெரியாது என்றால் ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தள்ளிவிட மாட்டார்களா? அதற்கும் வழி இருந்தது. திறப்புச் சாவி என்று ஒன்று. சான்றிதழ் பொய் என்று ஆகி, அதனால் அடிபட்டவர் மனுக் கொடுத்தால், அந்தச் சாவியால் அந்த ஒரு கையெழுத்தைத் திறந்து போட்டவர் பெயரைப் பார்க்கலாம். சாவியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரிடமும், மறு பாதியை அலுவலகத்தின் பதிவறையைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடமும் கொடுத்தார்கள். இரண்டும் சேராமல் எதுவும் திறக்காது. திறக்கும்போது கூடவே ஒரு நிரூபணமும் வெளிவரும். அதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம் என்பதால், திறந்தவர்கள் வேண்டாதவர் பெயரை மாற்றிச் சொல்லிவிடவும் முடியாது. பதிவறைப் பெண்ணை அன்றிலிருந்து எல்லோரும் சாவியக்கா என்று கூப்பிட்டார்கள். ஏழு ஆய்வாளர்களில் ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர். அது கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை. கறாரான பெண் என்று பெயர் வேறு இருந்தது.

முகம் மாறின அன்று மாலை ஏழு மனைவிமாரும் அலுவலக வாசலுக்கு வந்து ஆளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியக்கா தன் ஆளை இருமலை வைத்துக் கண்டுபிடித்தாள். முதல் வருஷம் இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்களில் ஓடியது: ஒருவர் இடது காலை இழுத்து நடப்பார், ஒருவர் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிப்பார். இரண்டாம் வருஷம் கையெழுத்து, அதாவது பேனாவால் எழுதுகிற எழுத்து, ஏழு பேருக்கும் ஒன்றாயிற்று. மூன்றாம் வருஷம் குரல். இருமலும் அதோடு போயிற்று. விரல் ரேகையும் ஒன்றுதான் என்று வங்கிக்காரர்கள் சொல்லித் தெரிந்தது. குழந்தைகள் அந்த முகத்தை எங்கே கண்டாலும் அப்பா என்றன, யாரும் திருத்தவில்லை. சாவியக்கா மாலையில் வீட்டுக்கு வருகிறவரிடம் ஆரம்பத்தில் ஏதாவது பழைய கதையைக் கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஏழு பேரும் தினமும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஒருத்தர் வீட்டுக் கதை இன்னொருத்தருக்குத் தெரியாமலா இருக்கும்?

வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. கட்டட உரிமையாளர் ஒருவர் ஒரு ஆய்வாளருக்கு ஒரு வாரம் கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார். அடுத்த வாரம் வந்து, என்ன சார் ஆச்சு என்று கேட்டார். எந்தக் கடிகாரம் என்று எதிரில் இருந்தவர் உண்மையாகவே முழித்தார். அதற்கப்புறம் பரிசு கொடுக்கிற பழக்கம் ஊரில் குறைந்தது. கை கால் உடைக்கிற பழக்கமும் நின்றது. எவரை உடைப்பது என்று தெரியாமல் ஏழு பேரையும் உடைக்க யாருக்குப் பொறுமை? தன் லிஃப்டை மூட வைத்தது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு பெரிய மனிதர் சாவியக்காவின் பதிவறைக்கே வந்து நயந்தும் பேசினார், மிரட்டியும் பேசினார். அவள் பிடி கொடுக்கவில்லை. யாருக்கு அடிபட்டது, மனு எங்கே என்று இரண்டே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டாள். இப்படி ஒன்பது வருஷம். ஒரு கையெழுத்தைக்கூடத் திறக்க வேண்டிவரவில்லை. நீதிபதி தன் பாதியை மூக்குக்கண்ணாடிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாரம் ஒரு தடவை வந்து வேலை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார்.

பத்தாம் வருஷம், பதினோரு மாடி மருத்துவ வளாகம் ஒன்றில் லிஃப்டின் கம்பிக்கயிறு அறுந்தது. பிடிக்க வேண்டிய பிரேக்கும் பிடிக்கவில்லை. ஆறாம் மாடியிலிருந்து விழுந்த கூண்டுக்குள் இரண்டு பேர்: அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்கிற பெண்மணி ஒருத்தி, இன்னொருவர் ஆய்வாளர். பெண்மணிக்கு இரண்டு காலும் போயிற்று. ஆய்வாளர் இறந்துபோனார். எந்த ஆய்வாளர் என்பதுதான் தெரியவில்லை. முகம் பொதுமுகம், ரேகை பொதுரேகை. சட்டைப்பையில் இருந்த அட்டை நசுங்கிப் போயிருந்தது; நசுங்காவிட்டாலும் அட்டையில் பெயர் கிடையாது. மறுநாள் அலுவலகத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். உங்களில் யார் வரவில்லை என்று மேலதிகாரி கேட்டார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடலை அலுவலகமே அடக்கம் செய்தது. கல்லில் ஏழில் ஒருவர் என்று பொறித்தார்கள். தேதி சரியாக இருந்தது.

அடுத்ததைச் சொன்னால் கணக்கு உதைக்கும், ஆனாலும் நடந்ததைத்தானே சொல்ல முடியும். விபத்து நடந்த அன்று மாலையும் ஏழு வீட்டுக்கும் ஆள் வந்து சேர்ந்தார். ஏழு வீட்டிலும் மணி அடித்தது, ஏழு வாசலிலும் ஷூ கழற்றப்பட்டது, ஏழு பேர் முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. அலுவலகத்தில் ஆறு, வீடுகளில் ஏழு. எந்த மனைவியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாரோ ஒருத்தி தலையில்தானே விழும், அது நம் தலையாக இருந்துவிட்டால்? சாவியக்காவும் மென்று முழுங்கினாள். தட்டில் குனிந்து சாப்பிடுகிற அந்தச் சுமாரான மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவள் எழுந்து போய் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தைக் கழுவினாள்.

சிக்கல் என்னவென்றால், அறுந்த கயிற்றுக்கு எட்டு நாள் முன்புதான் நல்ல கயிறு என்று சான்றிதழ் தரப்பட்டிருந்தது. கீழே பொதுக்கையெழுத்து. துப்புரவுப் பெண்மணி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே மனு எழுதிக் கொடுத்தாள், நீதிபதி அன்றைக்கே சம்மதம் போட்டார். சாவியக்கா தன் பாதியைக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. அவள் கொண்டுவரவில்லை. முதலில் சர்வர் வேலை செய்யவில்லை என்றாள். பிறகு படிவம் மாறிவிட்டது என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய்கள் இவை. பழக்கம் இல்லாததால் காது சிவந்தது. திறந்தால் என்ன ஆகும் என்று ஏற்பாட்டுக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: திறக்கப்பட்டவர் கூட்டத்திலிருந்து விலகித் தன் அடையாளத்தைத் திரும்பப் பெறுவார். அதாவது முகம் வந்துவிடும். அந்த முகம் தன் வீட்டுக்காரருடையதாக இருந்தால் அவர் ஜெயிலுக்குப் போவார். கையெழுத்துப் போட்டவர் பெயர் அவருடையதாக இருந்து, ஆறு பேரில் யாருக்கும் முகம் திரும்பாவிட்டாலோ, மண்ணுக்குள் கிடப்பவர் அவர். அவள் பயந்தாள். சுத்தமாகப் பயந்தாள்.

மற்ற ஆறு மனைவிமாரும் தனித்தனியாகப் பதிவறைக்கு வந்தார்கள். எல்லாரும் பேசியது ஒன்றுதான், அதில் மூத்தவள் மட்டும் மறைக்காமல் சொன்னாள்: "திறக்காம இருக்கிற வரைக்கும் நம்ம ஏழு பேருக்கும் புருஷன் இருக்கான் அக்கா. நீ ஏன் போய் எண்ணிப் பாக்கணும்?" மேலதிகாரி இன்னும் சுலபமான யோசனை வைத்திருந்தார். இறந்தவர்தான் போட்டார் என்று எழுதி மூடிவிடலாமே, அவருக்கு இனிமேல் என்ன நஷ்டம். நிரூபணம் பொய் சொல்லாது சார் என்றாள் சாவியக்கா. அதோடு, இறந்தவர் பெயர் என்று எதை எழுதுவது? மேலதிகாரி பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

துப்புரவுப் பெண்மணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தினமும் செயற்கைக்கால் மாட்டி, ஊன்றுகோல்களோடு அலுவலகத் தாழ்வாரத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். காலை பத்து மணிக்கு வருவாள், ஐந்துக்குப் போவாள், நடுவில் ஒரு டீ. ஆய்வாளர் ஒவ்வொருவர் கடக்கும்போதும் ஒரு வசை. ஆறு பேருக்கும் சமமாகத் திட்டினாள், ஒருத்தருக்குக் கூடுதல், ஒருத்தருக்குக் குறைச்சல் கிடையாது. ஏழு மனைவிமாரும் அவளிடமும் போய், கூட இருந்தவர் கடைசியாக வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னாரா, பேர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருந்தார்கள். கதவு சரியா மூடலையே என்றார், அவ்வளவுதான் என்றாள். ஆறு மாதம் போன பிறகு ஒரு நாள் சாவியக்கா, எத்தனை நாள் இப்படி வந்து உட்காருவீர்கள், போட்டவரை ஜெயிலில் போட்டால் கால் திரும்பி வருமா என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டுவிட்டாள்.

பெண்மணி கோபப்படவில்லை. "கால் வராதும்மா, எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஏழு பேர்ல ஒருத்தர்னு சொல்றீங்க. ஏழு பேர்ல ஒருத்தர்னா யாரும் இல்லேன்னுதானே அர்த்தம்? யாரும் இல்லாம எங்கால் எப்படிப் போச்சு?"

சாவியக்கா உள்ளே போய் அரை மணி நேரம் கோப்புகளை அடுக்கினாள். அடுக்கி இருந்தவற்றையே மறுபடி அடுக்கினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நீங்கதானா?"

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை, ஆனால் அந்த முகத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. "நான்தான்னு நெனக்கிறேம்மா" என்றார். "காலைல கிளம்பும்போது நான்தான். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது கால் எந்த வீட்டுக்குப் போகுதோ அங்க போறேன். இங்கதான் வருது. வந்தா நீ கதவத் தெறக்கிற."

மறுநாள் காலை சாவியக்கா தன் பாதியை எடுத்துக்கொண்டு வந்தாள். நீதிபதிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர் அரக்கப் பரக்க, இஸ்திரி போட்ட கோட்டோடு வந்து சேர்ந்தார். பத்து வருஷமாக இதற்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்போல இருந்தது. பெரிய அறையில் ஆறு ஆய்வாளர்களும் அவரவர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள், ஏழாவது நாற்காலி காலி. துப்புரவுப் பெண்மணியை உள்ளே வரச் சொல்லி ஒரு ஸ்டூல் போட்டார்கள். இரண்டு பாதிகளையும் கணினியில் செருகினார்கள். நான்கு நிமிஷம் ஆயிற்று. பிறகு திரையில் ஒரு பெயர் வந்தது, கீழே நாற்பது வரி நிரூபணம். சாவியக்கா பெயரைப் படித்தாள். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிரூபணத்தை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார், அவசரப்படவே இல்லை. அவர் தலையை ஆட்டும் வரைக்கும் சாவியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் அவள் வீட்டுக்காரருடையது. முதுகுக்குப் பின்னால் முகம் ஒன்று வந்ததா இல்லையா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் போதவில்லை. பிறகு யாரோ இருமினார்கள்.

ஜன்னல் ஓரத்து மூன்றாம் மேசையில் முகம் வந்திருந்தது. வந்தவருக்குத் தெரியவில்லை, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கையால் மூக்கைத் தடவினார், தாடையைத் தடவினார், அப்புறம்தான் புரிந்துகொண்டார். சாவியக்கா கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன் பார்த்த முகம் அது. இடையில் அதற்கும் வயதாகியிருந்தது, புருவம் நரைத்து, கன்னம் தொங்கி. ஒரு கணம் அந்நிய ஆண் பிள்ளையின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. உயிரோடு இருக்கிறாரே என்று சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே இவர்தானா செய்தார் என்கிற ஆத்திரமும் வந்தது, இரண்டில் எதை முதலில் படுவது என்று தெரியாமல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள்.

எப்படிப் போட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவர் மறைக்கவில்லை. சான்றிதழ் தந்த அன்று மேசையில் அந்த வளாகத்தின் சோதனைத்தாள் இருந்தது. முதல் பக்கம், கூண்டும் கதவுகளும், குறி போட்டு நிரம்பியிருந்தது. இரண்டாம் பக்கம், கயிறும் எந்திர அறையும், காலி. எழுத்து அவருடைய எழுத்து. அன்றைக்கு அதே தெருவில் மூன்று கட்டடங்கள் பார்த்திருந்தார். எழுத்தைப் பார்த்ததும் நான்காகத்தான் இருக்கும், பார்த்துவிட்டுக் குறி போட மறந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். வேறொரு கட்டடத்தின் கயிற்றை நினைவில் வைத்துக் குறிகளைப் போட்டார், அட்டையைச் செருகினார், கையெழுத்தாயிற்று. உண்மையில் தாளை எழுதினவர் இறந்துபோன ஆய்வாளர். அன்று எந்திர அறை பூட்டியிருந்தது, சாவியை வைத்திருந்த காவலாளி ஒரு வாரம் விடுப்பு. காவலாளி வந்ததும் மிச்சத்தைப் பார்க்கலாம் என்று தாளை மேசையில் வைத்தவர், எட்டாம் நாள் அதைத் தேடிக் கிடைக்காமல் புதுத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பார்க்கத்தான் மேலே போய்க்கொண்டிருந்தார். அவருடைய பையில் இருந்த தாளிலும் முதல் பக்கம் நிரம்பியிருந்தது, இரண்டாம் பக்கம் காலி.

"என் எழுத்துன்னு நெனச்சேன்" என்றார் சாவியக்காவின் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுத் துப்புரவுப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் அழுதுவிட்டார். சொந்த முகத்தில் அழுது பழக்கம் விட்டுப்போனதால் அது கோணலாக வந்தது.

பெண்மணி அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை, மறந்துவிடக் கூடாத சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மற்ற ஐந்து பேரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "ஆறு மாசமா உங்க அஞ்சு பேரையும் சேத்துத் திட்டிட்டேன், வீணாப் போச்சு" என்றாள். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் பெஞ்சுக்கு வரவில்லை. ஜெயிலில் ஆட்களைப் பார்க்க விடுகிற மனு நாளில் மாதம் ஒரு தடவை போய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு முகத்தை மட்டும் மனதாரத் திட்டிவிட்டு வருவதாகப் பிறகு தெரிந்தது. அவர் எழுந்து நின்று கேட்டுக்கொள்வாராம்.

தண்டனை மூன்று வருஷம். அலுவலகத்தில் வேறு ஒரு மாறுதலும் செய்யவில்லை, சோதனைத்தாளின் இரண்டு பக்கத்தை மட்டும் ஒரே பக்கமாக்கினார்கள். யாரும் அதற்கப்புறம் இன்னொரு கையெழுத்தைத் திறக்க மனுக் கொடுக்கவில்லை. ஐந்து ஆய்வாளர்கள், ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்கும் மாலையில் ஆள் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஆறு வீட்டு மனைவிமாரும் சாவியக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் அதில் மூத்தவள் மட்டும் வந்து, உன் ஆள் முகம் இப்போ எப்படி இருக்கு, பழைய மாதிரியேவா, மாறியிருக்கா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவரை ஜெயிலுக்குக் கொண்டுபோன அன்று மாலை, ஆறே முக்காலுக்குச் சாவியக்கா வீட்டில் மணி அடித்தது. பொதுமுகத்தோடு ஒரு ஆய்வாளர் நின்றிருந்தார். கதவு திறந்ததும் வழக்கம்போலக் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். சாவியக்கா, "எங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்காருங்க" என்றாள். அவர் ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்தார். "ஆமால்ல" என்றார். கழற்றின ஷூவை மாட்டி, லேஸைக் கட்டிக்கொண்டு, வருத்தமாகத் தலையை அசைத்துவிட்டுப் படி இறங்கினார். இதற்கு முன் எத்தனை மாலை நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கதவைச் சாத்தி ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். வீட்டில் ஒருவர் குறைந்தார், குறைந்தவர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்பதில் சந்தேகம் இல்லாமல் வெகுநேரம் நன்றாக அழுதாள். அதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சுட வைத்துச் சாப்பிட்டாள்.